நான்கு மீட்டர் கோடும் ஒரு மடிக்கூரைக் காரும்

மெர்சிடிஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட எஸ்எல்கே என்னும் இரட்டை இருக்கைக் காரின் நீளம் 3,995 மி.மீ. மாருதி சுசூக்கி 2012இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் டிசையரின் நீளமும் அதே 3,995 மி.மீ. முன்னதில் பொத்தானை அழுத்தினால் உலோகக் கூரை இரண்டாக மடிந்து டிக்கிக்குள் சென்று படுத்துக்கொள்ளும். பின்னது தன் டிக்கியின் ஒரு பகுதியை வரிக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்த குடும்ப வண்டி. இரண்டும் ஒரே நீளத்தில் அமைந்தது தற்செயல். அந்த எண்ணை அடைந்த வழி மட்டும் வேறு. ஜெர்மனியில் அது வடிவமைப்பாளர் தேர்ந்துகொண்ட அளவு. இந்தியாவில் அது வரிச் சட்டம் இழுத்த கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே போய் நின்ற அளவு.

வரிக்கோட்டை ஒட்டி நிற்பது குற்றமன்று. உலகின் எல்லாக் கார் உற்பத்தியாளரும் அதைச் செய்கின்றனர். அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு ஒரு சமூகம் எதை உண்டாக்கிக்கொள்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. இதற்கு எஸ்எல்கேயைவிடப் பொருத்தமான ஒப்புமை ஜப்பானில் இருக்கிறது. டைஹாட்சு நிறுவனம் 2002 ஜூன் மாதம் விற்பனைக்குக் கொண்டுவந்த கோப்பென் என்னும் குட்டிக் கார் அது. அதன் நீளம் 3,395 மி.மீ. எஸ்எல்கேயைவிடச் சரியாக 600 மி.மீ. குறைவு, இந்தியர்க்குப் பழக்கமான கணக்கில் சொன்னால், மாருதி 800ஐவிட 60 மி.மீ. மட்டுமே கூடுதல். அதுவும் ஒரு சட்டக் கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளேதான் நிற்கிறது. ஜப்பானியச் சட்டம் சிறுகார் வகைக்கு விதித்த உச்ச நீளம் 3,400 மி.மீ.

அந்த நீளத்துக்குள் டைஹாட்சு எதையெல்லாம் அடைத்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 659 சிசி எஞ்சின். மூன்று சிலிண்டர் போதுமான இடத்தில் நான்கு சிலிண்டர், அதன்மேல் ஒரு டர்போ. ஒரு சிலிண்டரின் பங்கு ஏறத்தாழ 165 சிசி. இந்தியத் தெருக்களில் ஓடும் 180 சிசி பைக்கின் ஒற்றைச் சிலிண்டரைவிடச் சிறியது. எடை 830 கிலோ. இருக்கை இரண்டே. கண்ணாடிச் சட்டத்தின் மேலுள்ள இரு கொக்கிகளைக் கையால் விடுவித்துப் பொத்தானை அழுத்தினால், டிக்கியின் மூடி பின்புறமாகத் திறக்கும், அலுமினியக் கூரை எழுந்து மடிந்து உள்ளே இறங்கும், மூடி மீண்டும் சாத்திக்கொள்ளும். எல்லாம் முடிய ஏறக்குறைய 20 நொடி. கூரை உள்ளே போனபின் டிக்கியில் ஒரு கைப்பை வைக்கவும் இடம் தேடவேண்டியிருக்கும். கையால் கழற்றி வைக்கும் கூரையுடன் வந்த இன்னொரு வகையின் எடை 800 கிலோ. ஆக, மின்கூரையின் விலை 30 கிலோ எடையும் ஒரு டிக்கியும்.

இத்தகைய பொறி மலிவான வண்டிக்கென்று பிறந்ததன்று. மடிந்து உள்ளடங்கும் கடினக் கூரையைப் பரவலாக அறியச் செய்தவர் ஜார்ஜ் பாலின் என்ற பிரெஞ்சுக்காரர். தொழிலால் பல் மருத்துவர். அவருடைய காப்புரிமையைக் கொண்டு பெஜோ நிறுவனம் 1930களின் நடுவில் எக்லிப்ஸ் என்ற பெயரில் சில கார்களைச் செய்தது. (பாலின் பின்னாளில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த மறைமுக இயக்கத்தில் பங்கேற்று 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கார் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவருடைய கூரையை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன.) 1957இல் ஃபோர்டு நிறுவனம் ஸ்கைலைனர் என்ற ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான காரில் இதே வித்தையைப் பல மோட்டார்களும் ஏராளமான மின்கம்பியும் கொண்டு செய்துகாட்டி, மூன்றாண்டுகளில் கைவிட்டது. பிறகு நெடுங்காலம் இது கண்காட்சிப் பொருளாகவே கிடந்தது. எஸ்எல்கே அதை மீட்டெடுத்து வசதி படைத்தோர் கைக்குக் கொண்டுவந்தது. ஆறே ஆண்டுகளில், மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளுக்குப் பெயர்போன ஒசாகா நிறுவனம் அதை நாட்டின் ஆகச் சிறிய கார் வகைக்குள் இறக்கியது. செல்வந்தரின் பொருள் ஒன்று எளியோர் வரிசைக்கு இறங்கிவரும்போது வழக்கமாக அதன் மெருகு உரிந்துவிடும். இங்கே கூரை மடிந்த நேர்த்தியில் ஒன்றும் குறையவில்லை.

இதைச் சாத்தியமாக்கியது ஜப்பானியரின் கலைமனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சோம்பேறித்தனமான விளக்கம். சட்டத்தைப் பார்க்கவேண்டும். கெய் எனப்படும் சிறுகார் வகை 1949இல் அங்கே வரையறுக்கப்பட்டது. எஞ்சின் வரம்பு 1955 முதல் 360 சிசி, 1976 முதல் 550, 1990 முதல் 660. தற்போதைய உடல் அளவுகள் 1998இல் வந்தவை: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர். இவற்றோடு 64 குதிரைத்திறன் என்னும் உச்சவரம்பை உற்பத்தியாளர்கள் தமக்குள் உடன்பட்டு வைத்துக்கொண்டனர். அது சட்டத்தில் இல்லை. இவ்வளவு இறுக்கமான பெட்டிக்குள் எவரும் எவரையும் அளவில் மிஞ்ச முடியாது. மிஞ்ச வேண்டுமானால் சிந்தனையில்தான் மிஞ்சவேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தச் சலுகை காரை வாங்கும் நாளோடு முடிவதில்லை. கோப்பென் வெளிவந்த காலத்தில் ஒரு கெய் காரின் ஆண்டு வரி 7,200 யென். ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் எஞ்சின் கொண்ட தனியார் காருக்கு 34,500 யென். 2015இல் கெய் வரி 10,800 ஆக உயர்த்தப்பட்ட பின்னரும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. எடை வரி குறைவு. சாதாரணக் காரைப் பதிவுசெய்ய, நிறுத்துமிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று காட்டவேண்டும் என்ற விதி 1960களிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. கெய் காருக்கு ஊர்ப்புறங்களில் அதுவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும், சிறிய காரை வைத்திருப்பதற்காக அரசு அதன் உரிமையாளர்க்கு ஒரு மரியாதை செய்துகொண்டே இருக்கிறது. மஞ்சள் எண்பலகை தாங்கிய அந்த வண்டியை எவரும் வறுமையின் அடையாளமாகக் கொள்வதில்லை. மருத்துவரும் உழவரும் அதை ஓட்டுகின்றனர்.

மரியாதை இருக்கும் இடத்தில் விளையாட்டும் வரும். 1991இல் ஹோண்டா பீட் என்ற திறந்த காரையும், சுசூக்கி கப்புச்சீனோவையும் வெளியிட்டன. மறு ஆண்டு மாஸ்டா ஏஇசட்-1 வந்தது. அதன் கதவுகள் பறவைச் சிறகுபோல் மேல்நோக்கித் திறந்தன. மூன்றும் இரட்டை இருக்கை, மூன்றும் 660 சிசிக்குள், மூன்றும் 64 குதிரைத்திறன். கப்புச்சீனோவின் கூரையை மூன்று பலகைகளாகக் கழற்றி டிக்கியில் அடுக்கலாம். கோப்பெனின் மின்கூரைக்கு அது தாத்தா முறை. பங்குச் சந்தைக் குமிழி உப்பியிருந்த நாள்களில் திட்டமிடப்பட்ட இந்த மூன்றும், குமிழி உடைந்தபின் ஒவ்வொன்றாக நின்றன. கோப்பென் பிறந்ததோ அதற்குப் பின்வந்த மந்தமான பத்தாண்டின் முடிவில். பணம் கொழித்த நாளில் விளையாட்டுப் பொருள் செய்வதில் வியப்பில்லை. நாடு சிக்கனத்தில் இருந்தபோது, சிக்கனத்துக்கென்றே வகுக்கப்பட்ட வகைக்குள் ஒரு நிறுவனம் மடிக்கூரைக் கார் செய்தது என்பதுதான் ஆராயத்தக்கது. முதல் தலைமுறை பத்தாண்டு ஓடியது. 2014இல் வந்த இரண்டாவதில், கதவுகள் நீங்கலாக வெளிப்புறப் பலகைகளைக் கழற்றி வேறு வடிவப் பலகைகளை மாட்டிக்கொள்ளலாம், சட்டை மாற்றுவதுபோல.

இனி இந்தியக் கோடு. 2006-07 மத்திய நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம், சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு நீளம் 4,000 மி.மீ.க்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கும் மிகாமலும் இருக்கவேண்டும் என்ற வரையறை வந்தது. நோக்கம் நல்லது. விளைவு வேறு. 2008இல் டாடா, இண்டிகோவின் பின்புறத்தைச் சுருக்கி இண்டிகோ சிஎஸ் என்று விற்றது. 4,160 மி.மீ. நீளமிருந்த டிசையர், 2012இல் 165 மி.மீ. இழந்து கோட்டுக்குள் வந்தது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பக்கவாட்டில் பார்த்தால் முக்கால் கார் ஒரு கையாலும் கடைசிக் கால் பகுதி வேறு கையாலும் வரையப்பட்டதுபோல் தோன்றும் ஒரு புதுவகை செடான், உலகில் வேறெங்கும் இவ்வளவு பெரும் எண்ணிக்கையில் காணக்கிடைக்காத வகை, இந்தியச் சாலைகளை நிரப்பியது. சற்றுக் கடுமையாகச் சொன்னால், அவை சிறிய கார்கள் அல்ல. வெட்டப்பட்ட பெரிய கார்கள். சிறிதாக இருப்பதற்கென்று ஒருவரும் அவற்றைச் சிந்திக்கவில்லை.

இந்திய வரையறையின் குறை அதன் தாராளத்தில் இருக்கிறது. அது நீளத்தையும் எஞ்சினையும் மட்டும் அளக்கிறது. அகலம் கேட்பதில்லை, உயரம் கேட்பதில்லை, எடை கேட்பதில்லை. எனவே நீளத்தில் விட்டதை உற்பத்தியாளர்கள் மற்ற மூன்று திசைகளிலும் மீட்டுக்கொண்டனர். நான்கு மீட்டருக்குட்பட்ட எஸ்யூவி என்ற வகை அப்படித்தான் செழித்தது. அவற்றில் பல 1,200 கிலோவைத் தாண்டும். அதாவது ஒன்றரைக் கோப்பென். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம் அதே நான்கு மீட்டர் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கோட்டுக்கு உள்ளே 18 விழுக்காடு, வெளியே 40 விழுக்காடு என்று வரியை வகுத்தது. கோட்டின் இருபுறமும் இடைவெளி இவ்வளவு அகன்றபின், கோடு எதை அளக்கிறது என்பதைப் பற்றிய விவாதம் பெரிதாக எழுந்திருக்கவேண்டும். எழுந்த பேச்செல்லாம் எந்தக் கார் எத்தனை ஆயிரம் குறைந்தது என்பதோடு நின்றுவிட்டது.

சட்டம் ஒருபுறம் இருக்க, கூரை என்பதற்கு இந்தியாவில் வேறொரு பொருளும் உண்டு. திறந்த வண்டி இந்நாட்டில் அரிதன்று. மாட்டுவண்டி, டிராக்டரின் பின்னே இழுபடும் பெட்டி, லாரியின் பின்தளம், கோடிக்கணக்கான இருசக்கர வண்டிகள்: இந்தியரில் பெரும்பாலோர் காற்றிலும் வெயிலிலும் மழையிலும் திறந்தபடியேதான் பயணம் செய்கின்றனர். முதல் கார் வாங்கும் குடும்பம் வாங்குவது எஞ்சினையோ இருக்கையையோ அன்று; ஒரு கூரையை. ரத்தன் டாடா, மழையில் ஒரே ஸ்கூட்டரில் சென்ற குடும்பத்தைக் கண்டதே நானோவுக்கு வித்து என்று சொன்னது இதனால்தான் உடனே எல்லோர்க்கும் புரிந்தது. கூரையை அடைவதே வாழ்வின் ஏற்றமாக இருக்கும் இடத்தில், கூரையை மடித்து வைப்பது ஏற்கெனவே பல கூரைகள் உடையவர்க்கே தோன்றும் ஆசை. இறக்குமதியாகி வந்த எஸ்எல்கேயும் பிஎம்டபிள்யூ இசட்4உம் அந்த எண்ணத்தை உறுதிசெய்தன. திறந்த கார் என்றாலே திரைப்பட நாயகன், அல்லது தொழிலதிபரின் மகன்.

ஆயினும், இந்தியத் தட்பவெப்பத்துக்குத் துணிக்கூரையைவிட மடங்கும் உலோகக் கூரையே பொருந்தும் என்பதைக் கவனிக்கலாம். நண்பகல் வெயிலில் கூரையைத் திறப்பவர் எவரும் இல்லை. தூசி, பருவமழை, தெருவோரத்தில் நிறுத்திவிட்டுப் போகவேண்டிய நிலை ஆகியவற்றுக்குத் துணி ஈடுகொடுக்காது. ஒரு பிளேடு போதும். உலோகக் கூரை மூடியிருக்கும்போது அது முழுமையான கார். மழை ஓய்ந்த மாலையில், மார்கழி விடியலில், மேற்குத் தொடர்ச்சி மலைச்சாலையில் மட்டும் அது திறந்த கார். டைஹாட்சு கொடுத்த விடையும் இதுவே: ஒரே காரை வைத்து இரண்டு வாழ்க்கை.

நானோவையும் கோப்பெனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. நானோவின் எஞ்சின் 624 சிசி. கெய் வரம்புக்கு உள்ளே. நீளம் 3,099 மி.மீ.; அதுவும் உள்ளே. அகலம் 1,495 மி.மீ.; 15 மி.மீ. மிகை. அந்த விரற்கடை அகலம் இல்லையென்றால் அளவில் அது ஜப்பானின் கெய் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். பொறியியலில் நானோ சாதாரணமானதன்று; அதன் உள்ளிடம் வியக்கத்தக்கது. ஆனால் அந்தக் காரைப் பற்றி மக்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே செய்தி அதன் விலை. அது எதையெல்லாம் விட்டுவிட்டுப் பிறந்தது என்பதே அதன் புகழாக இருந்தது. உலகின் மிக மலிவான கார் என்று விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். தன் மலிவை ஊருக்கு அறிவிக்கும் பொருளை, வாழ்க்கையில் முதன்முறை மேலேறும் ஒருவர் தன் வீட்டு வாசலில் நிறுத்த விரும்பமாட்டார். கோப்பென் ஏறத்தாழ 15 லட்சம் யென் விலையில் வந்தது. கெய் வகையில் அது மலிவானதன்று. அதை வாங்கியவர்கள் பெரிய கார் வாங்க முடியாமல் அதை வாங்கவில்லை.

இந்திய வாங்குநர்க்கு மைலேஜும் இருக்கைகளின் எண்ணிக்கையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. இரட்டை இருக்கைக் கார் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆகாது என்பது மெய். ஜப்பானிலும் அது வீட்டின் இரண்டாவது காராகவே பெரிதும் வாழ்கிறது. ஆனால் சிறியதை நேசிக்க இந்தியர்க்குத் தெரியாது என்பது பொய். யமஹா 2008இல் ஆர்15 என்ற 150 சிசி பைக்கை இந்தியாவில் செய்து விற்றது. திரவக் குளிர்விப்பு, பந்தய வண்டியின் உடலமைப்பு, பின்னிருக்கையில் அமர்பவர்க்கு மிகக் குறைந்த கருணை. தேவையின் கணக்கில் அதற்கு ஒரு நியாயமும் இல்லை. 100 சிசி பைக் அதே வேலையைப் பாதிச் செலவில் செய்யும். இருந்தும் கல்லூரி வாசல்களில் அது தெய்வமாக நின்றது. உற்பத்தி எப்போதோ நின்றுபோன ஆர்எக்ஸ்100ஐ இன்றும் தேடித் தேடி வாங்கிப் புதுப்பிப்போர் இருக்கின்றனர். இருசக்கர உலகில் சிறிது என்பது இழிவன்று. ஆகவே அங்கே விளையாட்டு பிறந்தது. நான்கு சக்கரத்துக்கு வந்தவுடன் அதே மனிதர் நீளத்தையும் உயரத்தையும் எண்ணத் தொடங்குகிறார் என்றால், கோளாறு மனிதரின் இரசனையில் மட்டும் இருக்கமுடியாது.

முயன்றவர்களும் இல்லாமல் இல்லை. 1990களின் இறுதியில் சான் நிறுவனம் கோவாவில் ஸ்டார்ம் என்ற இரட்டை இருக்கைத் திறந்த காரைச் செய்தது. நாரிழை உடல், துணிக்கூரை, ரெனோவின் 1,149 சிசி எஞ்சின். இன்றைய 1,200 சிசி வரம்புக்குள் அது கச்சிதமாக அடங்கியிருக்கும். அந்த வரையறை வருவதற்குப் பல ஆண்டு முன்னரே பிறந்த அதற்கு எந்தச் சலுகையும் வாய்க்கவில்லை. அது அரிய காட்சியாகவே இருந்து மறைந்தது. 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் டாடா காட்டிய ரேசிமோ 3,835 மி.மீ. நீளம், 1.2 லிட்டர் டர்போ, இரண்டு இருக்கை. நான்கு மீட்டர் கோட்டுக்குள் அழகு செய்யமுடியும் என்பதற்கு இந்தியாவிலிருந்து வந்த நேரடிச் சான்று. அது தொழிற்சாலையை எட்டவே இல்லை.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. இந்தியச் சாலைகளில் 2022இல் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இத்தகைய சாலையில் 830 கிலோ காரில் தரையை ஒட்டி அமர்ந்து போகும்படி எவர்க்கும் அறிவுரை சொல்வது எளிதன்று. லாரியின் சக்கரம் கண்ணுக்கு நேரே சுழலும். ஆனால் அதே அறிக்கையின்படி இறந்தவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவர்களுக்கு ஆபத்து தம் வண்டியின் சிறுமையால் மட்டும் வரவில்லை. மற்றவர் வண்டிகளின் பெருமையாலும் வருகிறது. ஒவ்வொருவரும் தம் குடும்பத்தின் பாதுகாப்புக் கருதி முந்தைய காரைவிட உயரமான, கனமான காரை வாங்கும்போது, சாலையில் எஞ்சியிருக்கும் சிறியோர் எல்லோர்க்கும் ஆபத்து கூடுகிறது. தனி மனிதரின் விவேகம் கூடிக் கூடிப் பொது முட்டாள்தனமாவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஜப்பானிய ஏற்பாட்டைப் புகழ்ந்து முடித்துவிடவும் கூடாது. கெய் வகை அந்நாட்டுக்குள்ளேயே வாழும் உயிரினம். வெளியே எடுத்தால் மூச்சுத் திணறும். கோப்பென் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது பின்னர் 1.3 லிட்டர் எஞ்சின் பொருத்தவேண்டியிருந்தது; டைஹாட்சு 2013இல் அந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. அதைவிடக் கசப்பான செய்தி 2023 இறுதியில் வந்தது. பாதுகாப்புச் சான்றிதழ்ச் சோதனைகளில் டைஹாட்சு பல ஆண்டுகளாக முறைகேடு செய்து வந்தது வெளியாகி, அதன் எல்லா வகைக் கார்களின் அனுப்புகையும் நிறுத்திவைக்கப்பட்டது. விசாரித்த குழு, அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட காலக்கெடுவைக் காரணமாகச் சுட்டியது. சிறியதை மலிவாகவும் விரைவாகவும் செய்யவேண்டும் என்ற அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே நிறுவனம்தான் சாட்சி. கோப்பெனை வியப்பவர்கள் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

இந்தியாவில் யாரேனும் நாளையே மடிக்கூரைக் கார் செய்யவேண்டும் என்பது இங்கே கோரிக்கையன்று. ஒரு பொருள்வகைக்கு ஒரு நாட்டில் மதிப்பு இருக்கிறதா என்று அறிய ஓர் அளவுகோலாகவே அந்தக் கூரை இங்கே பயன்படுகிறது. அந்த வகைக்குள் எவரேனும் அவசியமற்ற அழகான ஒன்றைச் செய்யத் துணிந்தார்களா? துணிந்திருந்தால் அந்த வகை மதிக்கப்படுகிறது. 150 சிசி பைக் அந்தச் சோதனையில் இந்தியாவில் தேறிவிட்டது. கார் தேறவில்லை. 2023இல் வந்த 2,974 மி.மீ. நீள எம்ஜி காமெட் மின்கார் அந்தத் திசையில் ஓர் அடி எனலாம். தன் குட்டையான உருவத்துக்காக அது எவரிடமும் மன்னிப்புக் கேட்பதாகத் தெரியவில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு; எதுவும் விந்தையானதன்று. நான்கு மீட்டர் கோட்டோடு அகலத்தையும் எடையையும் சேர்த்து அளக்கலாம். அதற்குக் கீழே மூன்றரை மீட்டர் அளவில் உண்மையான சிறுகார் வகை ஒன்றை வரையறுத்து, அதற்கு 18 விழுக்காட்டிலும் குறைந்த வரி வைக்கலாம். எல்லாவற்றையும்விட, சலுகையை வாங்கும் நாளிலிருந்து வைத்திருக்கும் நாள்களுக்கு நகர்த்தலாம். பெரும்பாலான மாநிலங்கள் தனியார் காருக்கான சாலை வரியை வாழ்நாள் வரியாக, அதுவும் விலையை அடிப்படையாக வைத்து, முதல் நாளே வாங்கிவிடுகின்றன. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் ஒருவர் மூன்று மீட்டர் காரை ஓட்டினாலும் ஐந்து மீட்டர் காரை ஓட்டினாலும் அரசுக்கு அக்கறையில்லை. நகராட்சிக்கும் இல்லை. வாகன நிறுத்துமிடத்தில் மணிக்கணக்கில் வாங்கும் கட்டணச் சீட்டில் பைக், கார் என்ற இரண்டே வரிகள் இருக்கின்றன. காமெட்டும் ஃபார்ச்சூனரும் அங்கே ஒரே தொகையைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. அந்தச் சீட்டில் மூன்றாவதாக ஒரு வரி அச்சிடுவதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. ஒரு மாநகராட்சி மன்றத் தீர்மானம் போதும்.